இருட்டில் நடக்கத் தெரிந்த தாத்தா: ஓர் ஊட்டிக் குடும்பப் படத்தின் நிகழ்வு ஆய்வு

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னப் படம், தியேட்டரில் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை, போட்ட காசை இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதன் எடிட்டர். சிரிப்பும் அழுகையும் கலந்த குடும்பப் படம் ஒன்றை வெட்டி ஒட்டும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற சண்டை எப்படி நடக்கிறது என்று பதிவுசெய்து வைத்தால் அடுத்த படம் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தப் படத்தின் குறைகளும் அதன் மனசும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. வீட்டில் இருக்கும் ஒருவரைக்கூட இயக்குநரால் ஓரமாக உட்காரவைக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரு காட்சி, எல்லோருக்கும் ஓர் அழுகை, எல்லோருக்கும் மன்னிப்பு. முதல் எடிட் 2 மணி 51 நிமிடம் வந்து நின்றதற்குக் காரணம் இதுதான்.

கதை

ஊட்டி காந்தலில் ஒரு சின்ன வீடு. தாத்தா, பாட்டி, வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பு வைத்திருக்கும் மூத்த மகன், அவன் மனைவி, திருப்பூரிலிருந்து புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்ட மகள், அவளுடைய ஒன்பது வயதுப் பெண், இளைய மகன். சீசன் நேரத்தில் முன் அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று இளையவன் ஒரு திட்டம் போடுகிறான். இரண்டு நாள்தானே என்று தொடங்கி ஏழு பேரும் பின்னறைக்குள் அடைபடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் குடியிருப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

தாத்தா ஓய்வுபெற்ற பிலிம் தொழிற்சாலைத் தொழிலாளி. படத்தில் தொழிற்சாலையின் பெயர் வராது. ஆனால் பிங்கர்போஸ்ட் தாண்டி தலைகுந்தாவுக்குப் போகிற வழியில் இந்து நகர் பஸ் ஸ்டாப்பில் அவர் நிற்கும் ஒரே ஒரு ஷாட் போதும், உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். அதுதான் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து கீழே இறங்கின. பிலிம்மேல் பூசும் ஜெலட்டின் கலவைக்குத் தூசிதான் முதல் எதிரி. மலையின் குளிர்ந்த, தூசி குறைந்த காற்றுக்காகத்தான் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் கலர் வந்தது, அதற்கப்புறம் டிஜிட்டல் வந்தது. மிச்சக் கதை தெரிந்ததுதான், தொழிற்சாலை மூடிப்போனது.

இயக்குநருக்கு இந்த வரலாற்றில் ஒரே ஒரு விஷயம்தான் பிடித்தது: அங்கே வேலை இருட்டில் நடக்கும். எல்லா நிற வெளிச்சமும் பதியக்கூடிய பிலிம்மை வெட்டிப் பொட்டலம் கட்டும் அறையில் சிவப்பு விளக்குகூடக் கூடாது. கும்மிருட்டு. போட்டோ பேப்பர் மாதிரியானவற்றுக்கு மட்டும் மங்கலான சிவப்போ ஆரஞ்சோ பரவாயில்லை. முப்பது வருஷம் அப்படி வேலை பார்த்த மனிதர் வீட்டில் எப்படி இருப்பார்?

படத்தின் மொத்தச் சிரிப்பும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. தாத்தா ராத்திரியில் லைட் போடமாட்டார். அடுக்கிவைத்த பாத்திரத்தில் எந்த டம்ளர் எங்கே என்று கைக்குத் தெரியும். நடக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே நடப்பார். வேலையிடத்தில் எதிரே வருகிறவர் மோதிவிடக் கூடாது என்று வந்த பழக்கம், பகலிலும் போகவில்லை. அதனால் வீட்டில் அவரைப் பற்றிப் புறம்பேசுவது சுலபம், செருமல் கேட்டதும் பேச்சை மாற்றிவிடலாம். அவர் செருமாமல் வருகிற நாள் ஒன்று இருக்கிறது. அந்தக் காட்சியில், படத்தைப் போட்டுக்காட்டிய மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது.

சிரிப்பை அளந்த விதம்

முதல் திரையிடல் ஊட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். நடித்தவர்களின் குடும்பங்கள், தெருக்காரர்கள், கூடவே வந்த குழந்தைகள். திரைக்குக் கீழே ஒரு சவுண்ட் ரெக்கார்டரை வைத்துவிட்டேன். படம் முடிந்ததும் அந்த ஒலியை எடிட் டைம்லைனில் படத்துக்கு அடியில் இன்னொரு டிராக்காகப் போட்டுப் பார்த்தேன். யார் என்ன கருத்துச் சொன்னார்கள் என்பதைவிட இது எனக்கு நம்பகமானது. மனிதர்கள் வெளியே வந்து 'நல்லா இருந்துச்சு தம்பி' என்பார்கள். நாற்காலி சத்தம் பொய் சொல்லாது. பிறகு அதே எடிட்டைத் திருப்பூரில், ஊட்டியைச் சுற்றுலாவாக மட்டும் தெரிந்தவர்களுக்குப் போட்டுக்காட்டி அதே மாதிரி பதிவுசெய்தோம்.

இந்தத் திரையிடலுக்கு முன்னாலேயே மூன்று பகுதிகள் மேல் எல்லோருக்கும் சந்தேகம். முதலாவது, 19 நிமிடக் காமெடி டிராக். தொலைக்காட்சியில் பிரபலமான ஒரு நகைச்சுவை நடிகர், இளையவனின் நண்பனாக வந்து குடித்துவிட்டு விழுந்து எழுகிறார். இரண்டாவது, இடைவேளைக்கு அப்புறம் தாத்தாவுக்கு நெஞ்சுவலி, 14 நிமிட ஆஸ்பத்திரி. மூன்றாவது அத்தை. தாத்தாவின் தங்கை, வெலிங்டனிலிருந்து அடிக்கடி பஸ் ஏறி வந்து, அம்மாவின் ஜோடி வளையலில் தன் பங்கைக் கேட்டுச் சண்டை போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறவர். கதைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அத்தையைத் தூக்கிவிட்டால் படம் ஓடும் என்பது பலருடைய கருத்து. தயாரிப்பாளர் இயக்குநரின் சித்தப்பா. அவர் ஒரு படி மேலே போய், 'அந்தக் கெழவிக்கு எதுக்குடா இத்தனை சீனு?' என்றார். அத்தையாக நடித்தவர் பக்கத்து அறையில் இருந்தார்.

ரெக்கார்டர் வேறு கதை சொன்னது. காமெடி டிராக் ஓடுகிறபோது இரண்டு ஊரிலும் போன் அடிக்கிற சத்தம், குழந்தைகள் ஓடுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். அந்த நடிகர் மோசமாக நடிக்கவில்லை. அவருடைய நகைச்சுவைக்கு இந்த வீட்டோடு எந்த ஒட்டும் இல்லை. வேறு வீட்டிலிருந்து வந்த சிரிப்பு அது.

அத்தை வந்தாலோ, ஊட்டியிலும் திருப்பூரிலும் முதல் வசனத்துக்கு முன்னாலேயே சிரிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே சிரித்திருக்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு வளையல் கணக்கு தீராமல் இருக்கும்போல.

தமிழ்ப் படத்தில் கதை ஒரு பக்கமும் காமெடி இன்னொரு பக்கமுமாக ஓடுவது பழைய பழக்கம். தனியாக எழுதி, தனியாக எடுத்து, நடுவில் சொருகிவிடுவார்கள். அது பெரிய கதைகளில் செல்லும். வீட்டுக்குள்ளேயே நடக்கும் கதையில் செல்லாது, ஏனென்றால் இங்கே சிரிக்கவைப்பவரும் அழவைப்பவரும் ஒரே சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1986இல் ஏவிஎம் தயாரிப்பில் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் மனோரமா வீட்டு வேலைக்காரக் கண்ணம்மா. படத்தின் பெரிய சிரிப்பு அவருடையது. ஆனால் அந்தச் சிரிப்பு வருவது குடும்பச் சண்டையின் நடுவில், சண்டைக்கு ஒரு முடிவு கட்டுவதற்காக. தனி டிராக் என்று ஒன்றை அங்கே பிரித்தெடுக்கவே முடியாது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் இயக்குநருக்கு அத்தை பாத்திரத்தை எழுதும்போதே இது கைவந்திருக்கிறது. விநியோகஸ்தர் கேட்டார் என்பதற்காகத்தான் காமெடி நடிகரைச் சேர்த்தார்.

காமெடி டிராக்கை முழுதாக வெட்டிவிட்டோம். குடிக் காட்சிகள் போனதால் 'யு' சான்றிதழ் சிக்கலில்லாமல் வந்தது. அது ஒரு போனஸ்.

இருட்டு

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது ஊட்டியில் சாதாரணம். படத்தில் முன்னறையில் சென்னைக் குடும்பம் ஒன்று தங்கியிருக்கும்போது அப்படிப் போகிறது. எல்லோருடைய போனிலும் சார்ஜ் இல்லை. தாத்தா மட்டும்தான் நடமாட முடிகிறது. அதுவரை பின்னறை மூலையில் கிடந்த மனிதர் வீட்டை ஆளத் தொடங்குகிறார். கட்டளைகள் வருகின்றன: 'மூணு அடி நேரா வா. இடது கையை நீட்டு. அதான் தண்ணிப் பானை. அது உன் அண்ணன் தலை, விடு.'

இதை எழுதியபடியே எடுத்திருந்தார்கள். திரையில் 40 விநாடி முழுக் கறுப்பு, வெறும் சத்தம். கலர் சரிசெய்யும் ஸ்டூடியோவில் இதைப் பார்த்தவர்கள் பதறிவிட்டார்கள். வழக்கமாக இரவுக் காட்சிக்கு நீலத்தை ஏற்றி முகம் தெரியும்படி வைப்பார்கள். இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அவர் பக்கம். ஜனங்களுக்கும் ஒன்றும் தெரியக் கூடாது, தாத்தாவுக்கு மட்டும் தெரிய வேண்டும், அப்போதுதான் அந்த மனிதரின் மதிப்பு புரியும். கடைசியில் 22 விநாடிக்கு இறங்கி வந்தோம். ரெக்கார்டரில் அந்த இடம்தான் படத்தின் உச்சம். முதல் ஐந்து விநாடி குழப்பம், அப்புறம் ஒரு பெண் சிரிக்கிறார், அப்புறம் எல்லோரும். ரிலீஸுக்கு அப்புறம் கீழே சமவெளியில் ஒரு தியேட்டரில் புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆபரேட்டர் ஹாலில் லைட்டைப் போட்டுவிட்டாராம். தாத்தா கேட்டால் ரசித்திருப்பார்.

பேப்பர்

படத்தில் யாரும் குறைசொல்லாத ஒரு காட்சியும் இருக்கிறது. தாத்தாவின் பெட்டியில் பிரிக்காத போட்டோ பேப்பர் பொட்டலம் ஒன்று. கடைசி நாளில் கொண்டுவந்தது. வெளிச்சம் படக் கூடாது என்பதால் இத்தனை வருஷமாக யாரையும் தொடவிட்டதில்லை. பேத்தி ஒரு மத்தியானம் அதைப் பிரித்து, தாள்களை மாடிப்படியில் பரப்பிவைத்துவிடுகிறாள். ஒரு தாளின் மேல் பெரணி இலை ஒன்று கிடக்கிறது. தாத்தா வந்து பார்க்கும்போது தாள்கள் வெயிலில் நிறம் மாறிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் எல்லோரும் குழந்தையைத் திட்டத் தயாராகிறார்கள். அவர் இலையை எடுக்கிறார். அதன் உருவம் வெளிர்நிறத்தில் அப்படியே பதிந்திருக்கிறது.

'பரவால்ல கண்ணு. இப்பவாவது வெளிச்சத்தப் பாத்துச்சே.'

இது கற்பனை இல்லை. பழைய போட்டோ பேப்பரை வெயிலில் வைத்தால் எந்த மருந்திலும் போடாமலேயே மெல்லக் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். மேலே ஏதாவது மறைத்திருந்தால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில் போடாததால் அதுவும் நிலைக்காது. எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இலையும் கறுத்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை இயக்குநர் படத்தில் சொல்லவே இல்லை. பேத்தி அதைச் சுவரில் ஒட்டிவைக்கிறாள், பின்னால் வரும் காட்சிகளில் சுவரில் அந்தத் தாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போகிறது. கவனித்தவர்கள் கவனித்தார்கள். மூடிக்கிடந்த ஒரு ஸ்டூடியோவின் பரணிலிருந்து நிஜமான பேப்பரைத் தேடி எடுத்து வந்தது ஆர்ட் டிபார்ட்மென்ட்டின் சாதனை. கிராபிக்ஸில் செய்திருந்தால் அந்தப் பழுப்பு வந்திருக்காது.

இந்தக் காட்சி நன்றாக அமைந்ததுதான் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு ஆபத்தாகப் போனது. அந்த மனிதருடைய இழப்பு என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் மாடிப்படியிலேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கில் டியூப் மாட்டி, வயலினை ஏற்றி அதையே திரும்பச் சொன்னால் பார்ப்பவருக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும்? டாக்டர் வேறு கண்ணாடியைக் கழற்றிவிட்டு '48 மணி நேரம் கழிச்சுதான் எதையும் சொல்ல முடியும்' என்கிறார். திருப்பூரில் அந்த வசனத்தை அவருக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லிவிட்டார், பதிவில் தெளிவாக இருக்கிறது. இளைஞர்கள் டீ குடிக்க எழுந்துபோன இடமும் அதுதான்.

முழுதாக வெட்டலாம் என்றேன். சித்தப்பா விடவில்லை. 'ஆஸ்பத்திரி இல்லாம என்னய்யா குடும்பப் படம்? லேடீஸ் அழ வேணாமா?' வாதமாக இது பலவீனமானது. ஆனால் பதிவைத் திரும்பக் கேட்டபோது அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அத்தை வருகிறார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் தடுக்க, அவரோடு சண்டை. வளையலைக் கேட்டு அண்ணனிடம் போடுகிற அதே சண்டை, அதே குரல். அண்ணன் உள்ளே கண்ணை மூடிக்கொண்டே தொண்டையைச் செருமுகிறார். அவ்வளவுதான். அத்தை சண்டையை நிறுத்திவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். மண்டபத்தில் சிரிப்பும் மூக்குறிஞ்சலும் ஒரே நேரத்தில் கேட்ட இடம் இது ஒன்றுதான். முதல் பாதியில் அத்தைக்கு அத்தனை காட்சி இல்லாமல் இருந்திருந்தால் இது வேலை செய்திருக்காது.

அதனால் டாக்டரை வெட்டினேன், டியூபை வெட்டினேன், வயலினை வெட்டினேன், மகன்கள் மாறிமாறிக் கால்பிடித்து மன்னிப்புக் கேட்பதையும் வெட்டினேன். 14 நிமிடம் 5 நிமிடமானது. தாத்தாவுக்கு என்ன வந்தது, எப்படிக் குணமானது என்று படத்தில் இப்போது யாரும் விளக்குவதில்லை. கதையில் ஓட்டை விழுந்தது உண்மை. விமர்சனம் எழுதிய ஒருவர் அதைச் சரியாகப் பிடித்தார். ஓட்டையோடு இருக்கட்டும் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

மீதிக் குறைகள்

மஞ்சு, அதாவது மலையில் ஏறிவரும் மூடுபனி, ஒரு பெரிய தலைவலி. காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் ஏறிவிடும். மொட்டைமாடியில் குடும்பம் முழுக்கச் சண்டை போடும் காட்சியில் அண்ணன் பேசும்போது வெயில், தம்பி பதில் சொல்லும்போது பின்னால் ஒன்றுமே தெரியாத வெள்ளை. எவ்வளவு வெட்டினாலும் கன்டின்யூட்டி சேரவில்லை. திருப்பூர்க்காரர்கள் சண்டை இரண்டு நாள் நடந்ததாக நினைத்துக்கொண்டார்கள். ஊட்டிக்காரர்களுக்கு இதில் குறையே தெரியவில்லை, அவர்கள் வீட்டுச் சண்டைகளும் அப்படித்தான் நடக்கின்றன.

பாட்டியின் குரல் இன்னொரு குறை. நடித்தவர் காந்தல்காரர், பேச்சில் மலைக்காரர்களின் இழுப்பு இருந்தது. டப்பிங்கில் வேறொரு குரல் வந்து மதுரைப் பக்கம் போய்விட்டது. அதேநேரம் பக்கத்து வீட்டு படுகர் அம்மா படம் முழுக்கப் படுகு மொழியிலேயே பேசுகிறார், பாட்டி தமிழில் பதில் சொல்கிறார், இருவருக்கும் புரிகிறது. சப்டைட்டில் போடவில்லை. போடச் சொல்லி வற்புறுத்தியவர்களை இயக்குநர் கடைசிவரை சமாளித்தார். தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் பதில். எனக்கும் அதுவே சரி.

படத்தில் மலை ரயில் இல்லை. கேத்தி ஸ்டேஷனில் ஒரு சீன் வைக்கலாமே என்று சித்தப்பா ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். 1982இல் 'மூன்றாம் பிறை' முடிந்த இடம் அது, அங்கே இன்னொரு படம் போய் நின்றால் பார்ப்பவர்களுக்குக் கமல்தான் ஞாபகம் வருவார். பட்ஜெட்டே அந்தப் பேச்சை முடித்துவைத்தது, நல்லதாகப் போயிற்று.

2024 மே 7 முதல் ஊட்டிக்கு வர இ-பாஸ் கட்டாயமானது. திரைக்கதை அதற்கு முன்னால் எழுதியது. படப்பிடிப்பில் சேர்த்த ஒரு வசனத்தில், அறை பதிவுசெய்த விருந்தாளி கல்லாறு சோதனைச்சாவடியிலிருந்து போன் பண்ணி இளையவனிடமே இ-பாஸ் எடுத்துத்தரச் சொல்கிறார், 'ரூம் வாடகையிலயே சேந்ததுதானே?' என்று. இரண்டு ஊரிலும் ஒரே அளவு சிரிப்பு.

கிளைமாக்ஸ் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில். எல்லோரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து மன்னித்துக்கொள்கிறார்கள், திருப்பூர் மாப்பிள்ளை உட்பட. மகள் எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள் என்பதற்குப் படம் பதில் சொல்லவில்லை, அவனை மட்டும் மன்னிக்கச் சொல்கிறது. இது படத்தின் நிஜமான தவறு. வெட்டிச் சரிசெய்யக்கூடிய தவறும் இல்லை, எழுத்திலேயே இருப்பது. அவளுக்கு ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டேன், அதற்குள் மகளாக நடித்தவர் வேறு படத்துக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் ஒரு காட்சி கொடுத்த இயக்குநர் அவளுக்கு மட்டும் அழுகையைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கொடுக்காமல் விட்டார்.

முடிவில் படம் 2 மணி 14 நிமிடம். 'டிவி சீரியல் மாதிரி' என்று எழுதினார்கள், 'செகண்ட் ஹாஃப் லேக்' என்று எழுதினார்கள், 'வீட்டோட உக்காந்து பாத்தோம்' என்றும் எழுதினார்கள். ஓடிடிக்கு வந்தபிறகு இருட்டுக் காட்சியைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். போனில் பார்க்கும்போது அது வெறும் கறுப்புக் கட்டம், சத்தத்துக்காகவே பகிர்ந்தார்கள்.

நாங்கள் வெட்டி எறிந்த காமெடி டிராக்கை வீணாக்க மனசில்லாமல், சித்தப்பா அதை நாலு துண்டாக்கித் தனியாக யூடியூபில் போட்டுவிட்டார். படத்தின் டிரெய்லரைவிட அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் போனை எடுத்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிறார்.